இறக்கத்தில் ஒரு பாதயாத்திரை

பழனிக்கு நடந்து போகிறவர்களில் பெரும்பாலானோருக்கு மலை கடைசியில்தான் வரும். காரைக்குடியிலிருந்தோ மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ கிளம்பி, திண்டுக்கல்லையும் ஒட்டன்சத்திரத்தையும் தாண்டி, கோபுரம் கண்ணில் பட்டதும் அரோகரா சொல்லி, முடிவில் படி ஏறுவார்கள். கொடைக்கானல் மேல்மலைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழ். தண்டாயுதபாணி நிற்கிற மலை அவர்கள் வீட்டு வாசலுக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் கீழே இருக்கிறது. மலைக்கடவுளைப் பார்க்க அவர்கள் மலையை விட்டு இறங்க வேண்டும்.

நான் திண்டுக்கல்காரன். கல்லூரிக் காலத்தில் நண்பர்களோடு சமவெளிச் சாலையில் பழனிக்கு நடந்திருக்கிறேன். பெண் எடுத்தது பூம்பாறையில். கல்யாணமான பிறகுதான் மேலேயிருந்து நடக்கிற கூட்டத்தில் ஒருவனானேன். இரண்டையும் பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: ஏறிப் போகிற யாத்திரைக்குத்தான் எல்லோரும் பாட்டுக் கட்டியிருக்கிறார்கள், உடம்பை உண்மையில் சோதிப்பது இறக்கம். சமவெளிக்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். “இறங்குவதில் என்ன கஷ்டம், கால் தானாகப் போகாதா?” என்பார்கள். கால் தானாகப் போவதுதான் கஷ்டமே.

பூம்பாறையில் குழந்தை வேலப்பர் கோயிலிலிருந்து புறப்படுவது எங்கள் கூட்டத்தின் வழக்கம். பழனியில் நவபாஷாணச் சிலை செய்த போகர்தான் இந்தச் சிலையையும் செய்தார் என்பது ஊரின் நம்பிக்கை. அதனால் பழனிக்குப் போவது என்றால், வேற்றூர்ச் சாமியைத் தேடிப் போவதாக இங்கே யாரும் பேசுவதில்லை. ஒரே கையால் உருவான இருவரில் ஒருவரிடம் சொல்லிக்கொண்டு மற்றவரைப் பார்க்கப் போகிறோம், அவ்வளவுதான்.

தை மாதத்து விடியலில் மேல்மலை எப்படி இருக்கும் என்பது அங்கே செருப்பில்லாமல் நின்றவர்களுக்குத் தெரியும். பள்ளமான இடங்களில் புல் மீது உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். தார்ச்சாலையில் பாதம் வைத்தால் முதலில் சுடுகிறது என்றுதான் தோன்றும், குளிர் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆகும். அத்தை வீட்டில் அடுப்புக்கு மேலே புகை படும்படி மலைப்பூண்டைக் கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். மாலை போட்ட நாளிலிருந்து அந்த வீட்டுச் சமையலில் மட்டும் பூண்டு சேராது. ஊரெல்லாம் பூண்டு விளைகிறது, கூரையெல்லாம் பூண்டு தொங்குகிறது, ரசத்தில் பூண்டு இல்லை. விரதம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். கையெட்டும் தூரத்தில் இருப்பதை விடுவதற்குத்தான் மதிப்பு.

பூம்பாறையிலிருந்து கொடைக்கானல் வரை பாதை ஏறி இறங்கி வளைந்து போகிறது. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பைன் மரங்கள், யூகலிப்டஸ், சீமை வாட்டில், ஆங்காங்கே பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் சோலைக்காடு. ஊருக்குள் வந்ததும் சற்று விலகிப் போய்க் குறிஞ்சி ஆண்டவரைக் கும்பிடுவோம். இலங்கைத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவியான லீலாவதி இராமநாதன் என்ற வெளிநாட்டுப் பெண்மணி 1936-இல் கட்டிய கோயில். இப்போது பழனி தேவஸ்தானத்தின் பொறுப்பில் இருக்கிறது. அதன் பின்பக்கத்திலிருந்து, மேகம் மறைக்காத காலை வேளையில், வடக்கே வெகு தாழ்வில் பழனி மலை தெரியும். பொட்டு அளவுதான். சுற்றுலா வந்தவர்கள் அதைப் படமெடுக்க முண்டிக்கொண்டிருப்பார்கள். நாங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்வோம்.

சமவெளியில் நடந்தபோது கோபுர தரிசனம் களைத்த கால்களுக்குக் கடைசியில் கிடைத்த கூலி. இங்கே போய்ச் சேர வேண்டிய இடத்தை முதலிலேயே காட்டிவிடுகிறார்கள். பிறகு அது மறைந்துவிடும். அடுத்து அது கண்ணில் படும்வரை, முன்பே பார்த்துவிட்ட ஒன்றை நோக்கி நடந்துகொண்டே இருக்க வேண்டும். எதிர்பார்ப்பு என்ற எரிபொருள் இல்லாமல் நடப்பது தனி வித்தை.

கொடைக்கானலிலிருந்து பெருமாள்மலை வரை வத்தலக்குண்டுச் சாலை. வெள்ளி நீர்வீழ்ச்சியில் குரங்குகளும் கார்களும் சம அளவில் இருக்கும். 2024 மே மாதத்திலிருந்து இந்த மலைக்கு வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும் என்று ஆகியிருக்கிறது, கூட்டம் எவ்வளவு என்பதற்கு அதுவே சாட்சி. கால்களுக்கு யாரும் பாஸ் கேட்பதில்லை. ஆனால் கால்களுக்கு இடம் விடுவதும் இல்லை. வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுக்குகிற காரின் கண்ணாடியில் ‘வேலுண்டு வினையில்லை’ என்று ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். உள்ளே இருந்தவருக்கு வினை இல்லாமல் இருக்கலாம், சாக்கடையில் இறங்கி நின்ற எங்களுக்கு இருந்தது.

பெருமாள்மலையில் பழனிச் சாலை பிரிகிறது. அங்கே திரும்பினால் இரைச்சல் சட்டென்று குறைந்துவிடும். யாத்திரை தொடங்குவது உண்மையில் அங்கேதான். கொடைக்கானலிலிருந்து பழனி 65 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், இந்தப் பிரிவிலிருந்து ஐம்பதுக்கு மேல் மிச்சம். கோம்பைக்காடு, சவரிக்காடு, வடகவுஞ்சிப் பிரிவு என்று பெயர்கள் வரும். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்த இடங்களில் புதிதாகக் கட்டிய தடுப்புச்சுவர்கள் இன்னும் வெள்ளையாக நிற்கும்.

இறக்கம் தொடங்கிய முதல் மணி நேரத்தில் எல்லோரும் வீரர்கள்தான். இளவட்டங்கள் ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். குருசாமி பின்னாலிருந்து சத்தம் போடுவார்: “ஓடாதீர்கள் சாமி, மலை எங்கேயும் போய்விடாது. முழங்கால் போய்விடும்.” அவர் சொல்கிற முறை எளிது. முழங்காலை விறைக்காமல் லேசாக மடக்கியே வைத்திருக்க வேண்டும். குதிகாலை மட்டும் ஊன்றாமல் முழுப் பாதத்தையும் பரப்பி வைக்க வேண்டும். நீட்டி எட்டு வைக்கக் கூடாது, சின்னச் சின்ன எட்டாக, சாலையின் குறுக்கே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குச் சாய்வாக நடந்தால் இறக்கத்தின் செங்குத்து குறையும். வண்டி வருகிற சாலையில் இந்தக் கடைசி யோசனையை எப்போதும் கடைப்பிடிக்க முடியாது.

ஏறும்போது தொடைத்தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்க வேண்டும், பாரவண்டி இறக்கத்தில் போகும்போது சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பதைப் போல. மூச்சு வாங்காது, வியர்வை அதிகம் வராது, அதனால் களைப்பே இல்லை என்று மனம் நம்பிவிடும். மறுநாள் காலையில் எழுந்து நிற்கப் பார்க்கும்போதுதான் கணக்குத் தீர்க்கப்படும். முதல் வருடம் திண்ணையிலிருந்து எழுவதற்குத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, எழுபதைத் தாண்டிய என் மாமனாரின் அக்கா, “திண்டுக்கல்லில் தரை மட்டமாகவே இருக்கும், இல்லையா மாப்பிள்ளை?” என்று மிகுந்த இரக்கத்தோடு கேட்டார்.

அந்தப் பெரியத்தை நடப்பதைப் பார்க்க வேண்டும். காலின் கட்டைவிரல்களைச் சுற்றிப் பழைய வேட்டித் துணியைக் கிழித்துக் கட்டியிருப்பார், இறக்கத்தில் விரல் முன்னே தள்ளி நகம் சாலையில் இடிபடாமலிருக்க. உள்ளங்காலில் இரவு விளக்கெண்ணெய். செங்குத்தான வளைவு வந்தால் திரும்பிக்கொண்டு பின்பக்கமாக இறங்குவார், வாய் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருக்கும். முகம் மலையைப் பார்த்தபடி, முதுகு பழனியைப் பார்த்தபடி. பின்பக்கமாக இறங்கினால் முழங்கால் முன்னே மடங்கும் அழுத்தம் குறைகிறது, சோதித்துப் பார்த்துவிட்டேன். “சாமிக்கு முதுகைக் காட்டலாமா பெரியத்தை?” என்று கேட்டால், “அவனே கோபித்துக்கொண்டு வந்து நின்றவன், அவனுக்குத் தெரியாதா வலி” என்பார்.

இரவு தங்குவது வழியில் தெரிந்தவர்களின் ஷெட்டுகளில். சமவெளியில் இருப்பதைப் போல அன்னதானப் பந்தல் இங்கே வரிசையாகக் கிடையாது. புளிச்சோறும் தேங்காய்த் துவையலும் நாமே சுமந்துகொண்டு வந்தது. நெருப்பு மூட்டிச் சுற்றிப் படுத்தாலும் முதுகுப் பக்கம் குளிர் பிடுங்கும். இந்த மலைத் தொடரின் அடிவாரத்து ஆவினன்குடியை, அதாவது இன்றைய பழனியை, ஆண்ட வையாவிக் கோப்பெரும் பேகன், மயில் அகவியதைக் குளிரில் நடுங்குவதாக நினைத்துப் போர்வையை எடுத்துக் கொடுத்தான் என்று பள்ளியில் படித்தபோது, அரசர்களுக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்திருக்கிறேன். இந்தக் காற்றில் ஒரு இரவு கிடந்தால் அவன் மேல் சந்தேகம் வராது. ஆனால் என் மனைவி தமிழாசிரியை, கதையின் மிச்சத்தை விடுவதில்லை. அதே பேகன் தன் மனைவி கண்ணகியைக் கைவிட்டு வேறொரு பெண்ணிடம் இருந்தான். கபிலர், பரணர் உட்பட நான்கு புலவர்கள் தனித்தனியாக வந்து, பரிசு வேண்டாம், வீட்டுக்குப் போ என்று அவனிடம் பாடியிருக்கிறார்கள். “மயிலுக்குக் குளிர்வது தெரிந்தவருக்கு வீட்டில் ஒருத்தி அழுவது தெரியவில்லை” என்று சொல்லிவிட்டு, இருந்த ஒரே கம்பளியை அவள் பக்கம் இழுத்துக்கொண்டாள். நான் பேசாமல் இருந்தேன்.

மறுநாள் கீழ்மலைப் பக்கம் இறங்க இறங்க நிலம் மாறும். உருளைக்கிழங்கும் பூண்டும் போய்க் காப்பித் தோட்டம் வரும். சில்வர் ஓக் மர நிழலில் காப்பி, அந்த மரத்திலேயே ஏறிய மிளகுக்கொடி, நடுவில் மலைவாழை. மாமாவுக்கு வேண்டிய ஒருவர் தோட்டத்தில் வழக்கமாக உட்காருவோம். அவர் விருப்பாச்சித் தாரிலிருந்து ஒரு சீப்பை ஒடித்து வைப்பார். பார்வைக்கு அந்தப் பழம் யாரையும் மயக்காது. குட்டையாக, முனைகள் பிதுங்கி, தோல் மங்கிய மஞ்சளில் கரும்புள்ளி விழுந்து கிடக்கும். உரித்தால் சதை கெட்டி, விரலில் ஈரம் ஒட்டாது. வாயில் போட்டால் இனிப்பு மெதுவாக வரும், மணம் அதற்குப் பின்னால்.

அந்த ஈரமின்மைதான் அதன் பெருமை. பழனிப் பஞ்சாமிர்தத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய், கூடவே பேரீச்சையும் கற்கண்டும். பழத்தில் நீர் அதிகமிருந்தால் கலவை இளகிச் சீக்கிரம் புளித்துவிடும். விருப்பாச்சியும் சிறுமலைப் பழமும் போட்டால் கெட்டியாக நின்று நாள்படத் தாங்கும். எடப்பாடியிலிருந்து காவடியோடு வருகிற பருவதராஜகுலத்தார் மலைமேலேயே இரவு தங்கும் உரிமை பெற்றவர்கள். அவர்கள் அங்கேயே டன் கணக்கில் பஞ்சாமிர்தம் கலப்பது தைப்பூசக் காட்சிகளில் ஒன்று. 2019-இல் பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது கீழே எல்லோரும் கொண்டாடினார்கள். மேலே தோட்டத்துக்காரர்கள் “பழம் எங்களுடையது” என்றார்கள், அது நியாயமும்கூட.

ஏனென்றால் அந்தப் பழத்தை மலையில் காப்பாற்றி வைத்தது சாதாரண விஷயமில்லை. 1970-களில் முடிக்கொத்து நோய் பரவியது. அசுவினிப் பூச்சி சுமந்துவருகிற வைரஸ். இலைகள் சிறுத்து, நுனியில் கொத்தாகக் குவிந்து, தார் தள்ளாமலே மரம் நின்றுவிடும். மருந்தில்லை. வெட்டிப் புதைப்பதுதான் வழி. தோட்டக்காரரின் அப்பா காலத்தில் மலைச்சரிவு முழுவதும் வாழையாக இருந்ததாம், பிறகு காப்பிக்கு மாறியவர்கள் மாறினார்கள். திசு வளர்ப்பு முறையில் நோயில்லாத கன்றுகள் வந்த பிறகு கொஞ்சம் மீண்டிருக்கிறது. இப்போதும் அவர் தினமும் தோட்டத்துக்குள் போனால் முதலில் வாழைக் குருத்தைத்தான் அண்ணாந்து பார்க்கிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் அங்கே போய்விட்டு வருகிறது.

இந்தத் தோட்டத்தில் உட்காரும்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. சாலை வருவதற்கு முன்பு மலையின் விளைச்சல் எல்லாம் தலைச்சுமையாகவும் பொதிமாட்டிலும் குதிரையிலும்தான் இறங்கியது. கிழக்கே வத்தலக்குண்டுப் பக்கத்துச் சாலையே 1914-இல்தான் முடிந்தது. அதுவரை வெள்ளைக்காரத் துரைகளையும் நாற்காலியில் வைத்துத்தான் மேலே தூக்கினார்கள். பழனிச் சந்தைக்குப் பழம் சுமந்த அதே தோள்கள்தான் தைமாதத்தில் காவடி எடுத்தன. இடும்பன் கதையை நினைத்துப் பாருங்கள். அகத்தியர் சொன்னார் என்று சிவகிரியையும் சக்திகிரியையும் ஒரு தண்டின் இரண்டு பக்கம் கட்டித் தோளில் சுமந்து வந்தவன், களைத்துப்போய் ஆவினன்குடியில் இறக்கி வைத்தான். மறுபடி தூக்க முடியவில்லை, மேலே ஒரு சிறுவன் நின்றுகொண்டிருந்தான். பக்தர்களின் ஆதிபுருஷன் ஒரு சுமைதூக்கி என்பதை நாம் போதிய அளவு யோசிப்பதில்லை. முருகனுக்கு முன்னால் அவனுக்குக் கும்பிடு போட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும் என்று வைத்தவர்கள் யோசித்திருக்கிறார்கள்.

தோட்டத்தைத் தாண்டிய பிறகு வெயில் தொடங்கும். காலையில் குளிரில் மரத்த அதே பாதம் மாலையில் தாரில் சுடும். காடு வறண்ட இலையுதிர் காடாகிவிடும். யானை நடமாட்டம் உள்ள பகுதி என்பதால் இருட்டுவதற்குள் கடந்துவிடச் சொல்லி அனுப்புவார்கள், அதை மீறுகிற தைரியம் எங்கள் கூட்டத்தில் யாருக்கும் கிடையாது. சாலையோரப் பள்ளங்களில் தண்ணீர் பாட்டில்களும் சிப்ஸ் உறைகளும் சரிந்து கிடக்கும். 2019 ஜனவரியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை. சரிவுகளுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. இதில் காரில் வந்தவர்கள் போட்டது எது, அரோகரா சொல்லிக்கொண்டு போனவர்கள் போட்டது எது என்று பிரித்துப் பார்க்க நான் விரும்பவில்லை. பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும், விரதத்தில் கோபம் ஆகாது.

வரதமாநதி அணைக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில் பழனி மறுபடி தெரியும். இந்த முறை பொட்டாக இல்லை, படிக்கட்டு மண்டபங்கள்வரை தெரியும். அங்கிருந்து ஒலிபெருக்கிச் சத்தமும் மெல்ல ஏறி வரும்.

அடிவாரம் தொட்டதும் எங்கள் சின்னக் கூட்டம் கரைந்துபோகும். திண்டுக்கல் பக்கமிருந்தும் தாராபுரம் பக்கமிருந்தும் உடுமலைப் பக்கமிருந்தும் பச்சையும் காவியுமாக ஜனம் வந்து கலக்கும். முதுகில் காவல்துறை ஒட்டிய ஒளிரும் பட்டை, கையில் வேல், காலில் கட்டு. சுக்குக் காப்பி, நீர்மோர், சுண்டல் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். முன்பின் தெரியாதவரின் காலை மடியில் வைத்து எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களை இங்கேதான் பார்க்க முடியும். அந்தக் கைகளுக்கு ஈடு சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. ஆனால் பந்தலுக்குப் பந்தல் வைத்திருக்கிற ஒலிபெருக்கிகளை யாராவது ஒரு புண்ணியவான் அணைக்கலாம். சமவெளியில் நடந்த காலத்தில் இந்தச் சத்தம்தான் என்னை இழுத்துக்கொண்டு போனது. மேலேயிருந்து வருகிறவனுக்கு அது தாங்கவில்லை. பெரியத்தைக்கு அந்தத் தொந்தரவெல்லாம் இல்லை. இரண்டு பந்தலில் சுண்டல் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

சண்முக நதியில் குளியல், திருஆவினன்குடியில் கும்பிடு, பிறகு படிகள். 693 என்பார்கள். 1966-இலிருந்து விஞ்ச் இருக்கிறது, 2004-இலிருந்து ரோப் கார் இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் அதில் ஏறினவர் யாரும் இல்லை, பிடிவாதத்தால் அல்ல. அவ்வளவு தூரம் இறங்கிக்கொண்டே இருந்த முழங்காலுக்குப் படியேறுவது ஓய்வு. பிடித்துப் பிடித்து நின்ற தசை கடைசியில் தள்ள ஆரம்பிக்கிறது. மூச்சு வாங்குகிறது, வியர்க்கிறது, உடம்பு தனக்குத் தெரிந்த வேலைக்குத் திரும்புகிறது. சமவெளிக்காரர்கள் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறும்போது, துணி சுற்றிய கட்டைவிரல்களோடு பெரியத்தை அவர்களைத் தாண்டிப் போவார். தரிசனம் சில நொடிகள். நகருங்கள், நகருங்கள். எல்லோருக்கும் அதே நொடிகள்தான் என்பதால் குறையில்லை.

திரும்புவது பஸ்ஸில். செட்டிநாட்டு நகரத்தார் காவடிகள் நூற்றாண்டுகளாகப் பழனிக்கு நடக்கின்றன, நடந்தே ஊர் திரும்புகிறவர்களும் அவர்களில் உண்டு. எங்களுக்கு அந்த வைராக்கியம் கிடையாது. கொடைக்கானல் பஸ்ஸில் ஏறினால் பாதிப் பேர் தெரிந்த முகங்கள், எல்லோர் மடியிலும் பஞ்சாமிர்த டப்பா. என் மாமியார் அடிவாரத்தில் ஒரு கடையில் வாங்கிய டப்பாவைத் திறந்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் மாறியது.

“மலைப்பழம் கால்பங்குகூட இல்லை.”

பக்கத்து இருக்கைக்காரர் வாங்கிப் பார்த்துத் தலையை ஆட்டினார். முன்னிருக்கைக்குப் போயிற்று. டிக்கெட் கிழிக்க வந்த கண்டக்டரும் கையை நீட்டினார். “இனிப்பாகத்தானே இருக்கிறது ஆத்தா?”

“சர்க்கரையைக் கொட்டினால் எதுவும்தான் இனிக்கும். இது தண்ணிப் பழம். ஒரு வாரம் தாங்காது.”

வடகவுஞ்சிப் பிரிவு வருவதற்குள் டப்பா பஸ்ஸைச் சுற்றி வந்து பாதியாகியிருந்தது. அடுத்த வருடம் அடிவாரத்தில் வாங்குவதாக இல்லை, தோட்டத்திலேயே இரண்டு தார் வாங்கிக் கூடவே கொண்டுபோய்ச் சாமிக்குக் காட்டிவிட்டு வீட்டில் வந்து கலந்துகொள்ளலாம் என்று மாமியார் முடிவு செய்தார். இரண்டு தாரையும் சுமப்பது யார் என்று அவர் சொல்லவில்லை. பஸ்ஸில் இருந்த எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள்.